ரீச்சரிடம் கேளுங்கள்: நிகழ்தகவை நம்பாதவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

போன இதழில் மூன்று கதவுப் புதிரைச் சுருக்கமாக எழுதி, விடையையும் போட்டிருந்தேன். அந்த விடையோடு சண்டை பிடித்துப் பலர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். விடையை நம்பி வீட்டில் சொல்லப்போய், சண்டையில் மாட்டிக்கொண்டதாகவும் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்த முறை எல்லாமே நிகழ்தகவுக் கேள்விகள்தான். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை விட்டு ஊரை மட்டும் தருகிறேன். வீட்டுக் கதைகள் நிறைய வருகின்றன.

கேள்வி: அன்புள்ள ரீச்சர், உங்கள் கதவுப் புதிரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் அத்தானிடம் சொன்னேன். அவர் பட்டயக் கணக்காளர். "ரெண்டு கதவு மிச்சம் இருக்கு. ஒண்டில கார், ஒண்டில ஆடு. பாதிக்குப் பாதி. இதில என்ன விசேஷம்?" என்று கேட்டார். நான் ஒவ்வொரு வழியையும் கிளையாகப் பிரித்து நிகழ்தகவு மரம் கீறிக் காட்டினேன். "கடதாசியில் கீறினால் எதையும் காட்டலாம்" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளும் அவர் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் அக்கா வந்து கதையை மாற்றினா. இவருக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: போன இதழைப் பார்க்காதவர்களுக்காகப் புதிரை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மூன்று மூடிய கதவுகள். ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னாலும் ஆடு. நீங்கள் ஒரு கதவைக் காட்டுகிறீர்கள். கார் எங்கே என்று தெரிந்த நிகழ்ச்சி நடத்துநர், நீங்கள் காட்டாத இரண்டில் ஆடு நிற்கும் ஒரு கதவைத் திறக்கிறார். பிறகு, "உங்கள் கதவிலேயே நிற்கிறீர்களா, மற்றதற்கு மாறுகிறீர்களா?" என்று கேட்கிறார். நின்றால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. மாறினால் மூன்றில் இரண்டு.

தங்கச்சி, உங்கள் அத்தானுக்குத் துணை நிறையப் பேர் உண்டு. 1975இல் ஸ்டீவ் செல்வின் என்ற அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் இதை ஒரு துறைசார் சஞ்சிகையில் கடிதமாக எழுதினார். உடனே மறுப்புகள் வந்தன, அவர் இரண்டாவது கடிதம் எழுதிப் பதில் சொல்லவேண்டி இருந்தது. பெரிய சண்டை வந்தது 1990 செப்டெம்பரில். மரிலின் வொஸ் சவான்ட் என்ற பெண் 'பரேட்' சஞ்சிகையில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதிவந்தார். இந்தப் புதிருக்கு "மாறவேண்டும்" என்று அவர் சரியான விடையை எழுதினார். அதற்கு வந்த கடிதங்கள் சுமார் 10,000. அவற்றில் ஏறக்குறைய 1,000 கலாநிதிப் பட்டம் பெற்றவர்களுடையவை. பெரும்பாலானோர் அவர் எழுதியது பிழை என்றார்கள். கணித விரிவுரையாளர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டே அவரைக் கண்டித்தார்கள். பெண்கள் கணக்கை வேறு விதமாகப் பார்க்கிறார்களோ என்றுகூட ஒருவர் எழுதினார். பெண்பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தே என் காலம் போனது. அந்த வரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

அவர் அடுத்தடுத்த இதழ்களில் பொறுமையாக விளக்கினார். அது போதாது என்று கண்டதும், பாடசாலைகளில் கடதாசிக் குவளை மூன்றையும் ஒரு நாணயத்தையும் வைத்து விளையாடிப் பாருங்கள் என்று கேட்டார். ஆசிரியர்கள் விளையாட வைத்தார்கள், பிள்ளைகள் எண்ணினார்கள், முடிவு அவர் சொன்னபடியே வந்தது. நீங்களும் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். ஆனால் விளையாட்டுக்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது.

அத்தான் எந்தக் கதைக்கு விடை சொல்கிறார் என்று பாருங்கள். "இரண்டு கதவு இருக்கிறது, இரண்டையும் பற்றி எனக்கு ஒரே அளவுதான் தெரியும், ஆகவே பாதிக்குப் பாதி" என்பது நல்ல விதி. அது சரியாகப் பொருந்தும் கதையும் ஒன்று உண்டு. கார் எங்கே என்று நடத்துநருக்கும் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கதவைத் திறக்கிறார், தற்செயலாக ஆடு வந்துவிட்டது என்று வையுங்கள். 300 தடவை ஆடினால் சுமார் 100 தடவை நீங்கள் காட்டிய கதவிலேயே கார் இருக்கும். அப்போது அவர் எதைத் திறந்தாலும் ஆடுதான். மிச்சம் 200 தடவையில் பாதியில் அவர் கைதவறிக் காரையே திறந்துவிடுவார், அந்த ஆட்டங்கள் கணக்கில் வராது. ஆடு தெரிந்த ஆட்டங்கள் 200. அதில் 100இல் கார் உங்களிடம், 100இல் மற்றதில். பாதிக்குப் பாதி. அத்தான் சொன்னது அப்படியே சரி.

நம்முடைய புதிரில் நடத்துநருக்குத் தெரியும். அந்த 200 தடவையும் அவர் காரைத் தவிர்த்து ஆட்டைத்தான் திறப்பார். ஆகவே ஓர் ஆட்டமும் கழிவதில்லை. 100 உங்களிடம், 200 மற்றதில். திறந்த கதவு கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். அதைத் திறந்தவருக்கு என்ன தெரியும் என்பதில்தான் இரண்டு கதைகளும் பிரிகின்றன.

எனவே "அத்தான், நீங்கள் பிழை" என்று தொடங்கவேண்டாம். "நடத்துநருக்கும் தெரியாது என்றால் நீங்கள் சொல்வது சரி அத்தான்" என்று தொடங்குங்கள். இது அவரைச் சமாதானப்படுத்தச் சொல்லும் பேச்சில்லை, உண்மை. அதைக் கேட்டபிறகு அவரே "தெரிஞ்சால் என்ன வித்தியாசம்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வரவேண்டும். எல்லோரும் கூடியிருக்கும் சாப்பாட்டு மேசையில் அது வராது. பிள்ளைகளுக்கு முன்னால் எந்தத் தகப்பனும் இறங்கிவரமாட்டார். தனியாக இருக்கும்போது கதையுங்கள்.

இப்போது விளையாட்டு. அவர் 304 சீட்டாட்டம் ஆடுவாரா? அலுமாரிக்குள் ஒரு சீட்டுக்கட்டு கட்டாயம் இருக்கும். ஓர் ஆஸையும் இரண்டு ஏழையும் எடுத்து அவர் கையில் கொடுங்கள். நடத்துநர் அவர்தான். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: நம்பாதவரை ஊகிக்க வைத்து, தெரிந்தவர் நடத்துநராக இருக்கிறார். அப்படிச் செய்தால் அவர் பார்ப்பது இரண்டு மூடிய சீட்டை மட்டும்தான், பழைய நினைப்பிலேயே நிற்பார். அவரை நடத்துநராக்கினால் மூன்று சீட்டும் அவருக்குத் தெரியும். நீங்கள் ஒன்றைத் தொடுங்கள். தொடாத இரண்டில் ஓர் ஏழை அவர் திறக்கட்டும். ஒவ்வொரு முறையும் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதைத் திறப்பது என்று இந்த முறை உங்களுக்குத் தெரிவு இருந்ததா?"

நீங்கள் ஆஸைத் தொட்டிருந்தால் அவரிடம் இரண்டு ஏழு. எதையும் திறக்கலாம், தெரிவு இருந்தது. நீங்கள் ஏழைத் தொட்டிருந்தால் அவரிடம் ஓர் ஏழும் ஓர் ஆஸும். வேறு வழியில்லாமல் அந்த ஏழைத்தான் திறக்கவேண்டும், மூடியிருப்பது ஆஸ். மூன்றுக்கு இரண்டு தடவை அவருக்கு வேறு வழி இருக்காது. கொஞ்ச நேரத்தில் "இந்த முறையும் எனக்கு வழியில்லை" என்று அவர் வாயாலேயே வரும். நான் பார்த்த அளவில், நம்பாதவர் மனம் மாறுவது அந்த இடத்தில்தான். எண்ணிக்கையைப் பார்த்து நம்புகிறவர்கள் குறைவு.

எண்ணிக்கையும் எழுதிவையுங்கள். பத்து ஆட்டத்தோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பத்து ஆடினால், மாறுகிறவர் ஐந்தோ அதற்குக் குறைவோ வெல்லும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். அப்படி வந்துவிட்டால் அத்தான் வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக்காட்டுவார், அதில் நியாயமும் இருக்கும். 30 ஆடுங்கள். அப்போது பாதியோ அதற்குக் குறைவோ வருவது நூறில் நான்கைந்து தடவைதான்.

அதற்கும் அசையாவிட்டால் 304 கட்டின் 32 சீட்டையும் கவிழ்த்துப் பரப்புங்கள். நீங்கள் இஸ்கோப்பன் ஆஸைத் தேடி ஒன்றில் கை வையுங்கள். அவர் மிச்சம் 31 சீட்டையும் தான் மட்டும் பார்த்து, ஆஸைத் தவிர்த்து 30ஐத் திறக்கட்டும். அவ்வளவையும் திறந்தவர் ஒன்றை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார். அதை ஏன் விட்டார்? 304 ஆடுகிறவருக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. தன் கையைப் பார்த்து ஒருவர் போடும் சீட்டும் போடாமல் வைத்திருக்கும் சீட்டும் எதையோ சொல்கின்றன என்பதை வைத்துத்தானே அந்த ஆட்டமே நடக்கிறது!

இன்னொன்று. விதியை முழுதாகச் சொன்னீர்களா? ஆடு உள்ள கதவை நடத்துநர் எப்போதும் திறப்பார், மாறும் வாய்ப்பை எப்போதும் தருவார் என்பது புதிரின் பாதி உயிர். இந்தப் புதிருக்கு அடிப்படையான அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்திய மொன்டி ஹோல் 1991இல் ஒரு பத்திரிகையாளரைத் தன் வீட்டு மேசையில் வைத்து இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டினார். பத்திரிகையாளர் காரைத் தொட்டபோது மட்டும் மாறச் சொல்லி ஆசை காட்டினார். ஆட்டைத் தொட்டால் அந்தக் கதவையே திறந்து ஆட்டத்தை முடித்துவிட்டார். அந்த விதியில் மாறுகிறவர் ஒவ்வொரு முறையும் தோற்பார். எனவே விதியைச் சொல்லாமல் புதிரை மட்டும் சொன்னால், நம்பாதவரைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை.

நிகழ்தகவு மரத்தைக் கடைசியில் கீறுங்கள். நம்பிக்கை வந்தபிறகு அது அழகாகத் தெரியும். முன்னால் கீறினால் ஏமாற்று வித்தை மாதிரித்தான் தெரியும்.

கேள்வி: ரீச்சர், 23 பேர் இருந்தால் யாரோ இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர பாதிக்கு மேல் வாய்ப்பு என்று படித்தேன். என் கூட்டாளி, "எங்கட வகுப்பில 40 பேர், என்ர பிறந்தநாளில ஒருத்தனும் இல்லை, அப்ப உன்ர கணக்குப் பிழை" என்கிறான். (உயர்தர மாணவன், கொட்டாஞ்சேனை)

பதில்: தம்பி, உங்கள் கூட்டாளி தன் பிறந்தநாளை மட்டும் பார்க்கிறார். அவருக்கு மற்ற 39 பேரில் ஒருவர் பொருந்தும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. ஆகவே ஒருவரும் இல்லாததில் அதிசயமே இல்லை. தன்னோடு ஒருவர் பொருந்தப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டும் என்றால் அவருக்கு வேறு 253 பேர் தேவை.

நீங்கள் சொன்ன கேள்வி வேறு. அதில் யாரும் யாரோடும் பொருந்தலாம். 23 பேரில் எத்தனை சோடி என்று எண்ணுங்கள்: 23ஐ 22ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 253. இரண்டு இடத்திலும் அதே 253 வருவதைக் காட்டுங்கள். கணிதம் படிக்கிறவர் என்றால் அதிலேயே பிடிபட்டுவிடும். 40 பேர் வகுப்பில் எங்காவது ஒரு சோடி இருக்கும் வாய்ப்பு 89 வீதம். வரவுப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் ஆர். பிரேமதாச மைதானத்தில் அடுத்த போட்டி நடக்கும்போது இரண்டு அணியின் 22 வீரர்களையும் களத்தில் நிற்கும் இரண்டு நடுவர்களையும் எடுங்கள். 24 பேர், 54 வீதம். ஒரு போட்டியில் பொருந்தாமல் போகலாம், தொடர் முழுவதும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: ரீச்சர், இது உங்களிடம் கேட்கவேண்டிய கேள்வியா தெரியாது. அம்மாவுக்கு 72 வயது. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யும் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். அதில் ஒரு நோய்க்குப் பொசிட்டிவ் என்று வந்திருக்கிறது. பரிசோதனை 95 வீதம் சரியாம். "அப்ப 95 வீதம் வருத்தம் இருக்கு" என்று அண்ணா சொல்கிறார். அப்படிச் சொல்லமுடியாது என்று எங்கோ வாசித்த ஞாபகத்தில் நான் சொன்னேன். வீண் நம்பிக்கை கொடுக்கிறாய் என்று ஏசுகிறார். அம்மாவுக்கு நித்திரையில்லை. (வாசகி, தெஹிவளை)

பதில்: கேட்கவேண்டிய கேள்விதான் அம்மா. இவ்வளவு கடிதத்திலும் முதலில் பதில் எழுதியது உங்களுடையதற்குத்தான்.

உங்கள் அண்ணா சொல்வதைப் படித்த வைத்தியர்களும் சொல்லியிருக்கிறார்கள். 1978இல் ஹாவர்ட் மருத்துவப் பாடசாலையோடு சேர்ந்த வைத்தியசாலைகளில் மாணவர்களும் வைத்தியர்களுமாக 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது. நோயில்லாதவர்களில் 5 வீதமானவர்களுக்கும் பரிசோதனை தவறாகப் பொசிட்டிவ் காட்டும். ஒருவரைப் பற்றி வேறொன்றும் தெரியாது, பொசிட்டிவ் வந்துவிட்டது. அவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு என்ன? அதிகம் பேர் சொன்ன விடை 95 வீதம். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்.

அண்ணாவிடம் வீதத்தில் கதைக்கவேண்டாம். ஆட்களாக எண்ணிக் காட்டுங்கள். காலிமுகத்திடலில் ஒரு பின்னேரம் 1,000 பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு நோய். எல்லோருக்கும் பரிசோதனை செய்கிறோம். அந்த ஒருவருக்குப் பொசிட்டிவ் வரும் என்று வைப்போம். மிச்சம் 999 பேரில் 5 வீதம் என்றால் ஏறக்குறைய 50 பேருக்கும் பொசிட்டிவ் வரும். இப்போது பொசிட்டிவ் கடதாசியோடு 51 பேர் நிற்கிறார்கள். அவர்களில் நோய் உள்ளவர் ஒருவர். நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு.

95 என்ற எண் எங்கேயும் ஓடிப்போகவில்லை. நோயில்லாத 100 பேரில் 95 பேருக்கு "நோய் இல்லை" என்று பரிசோதனை சரியாகச் சொல்லும். அது ஆய்வுகூடத்துக்கு உரிய கேள்வியின் விடை. உங்கள் அம்மா கேட்பது மறுபக்கக் கேள்வி: "பொசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையாக இருக்கிறது?" இரண்டும் கேட்க ஒரே மாதிரி இருக்கும். இப்படி ஆட்களாக எண்ணிக் கேட்டால் சரியான விடை சொல்கிறவர்கள் கூடுகிறார்கள் என்று கெர்ட் கிகரென்சரும் உல்ரிக் ஹொஃப்ராகேயும் 1995இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே அண்ணாவோடு வாக்குவாதப்படாமல் ஒரு கடதாசியில் 51 புள்ளி வையுங்கள், ஒன்றை மட்டும் சிவப்பில்.

ஆனால் இந்த எண்கள் அம்மாவின் பரிசோதனைக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அவற்றை அவரின் வைத்தியரிடம் கேட்டு வாங்கவேண்டும். மூன்று எண் போதும். இந்த வயதில், நோய்க்குறி இல்லாத பெண்களில் ஆயிரத்துக்கு எத்தனை பேருக்கு இந்த நோய் இருக்கும்? நோய் இருக்கிற 100 பேரில் எத்தனை பேரைப் பரிசோதனை பிடிக்கும்? இல்லாத 100 பேரில் எத்தனை பேருக்குத் தவறாகக் காட்டும்? கடைசி இரண்டும் வேறுவேறு எண்கள். "95 வீதம் சரி" என்று பொதுவாகச் சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்றே தெரியாது.

இரண்டாவது, உறுதிப்படுத்தும் பரிசோதனையை விடவேண்டாம். அந்த விஷயத்தில் அண்ணாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒருமுறை பொசிட்டிவ் வந்தபிறகு அம்மா அந்த 1,000 பேர் கூட்டத்தில் இல்லை, 51 பேர் கூட்டத்துக்கு வந்துவிட்டார். அங்கிருந்து வேறொரு நல்ல பரிசோதனை செய்தால் விடை நன்றாகத் தெளியும். அதுபோல, உடம்பில் குறிகள் இருந்து பரிசோதிக்கப் போயிருந்தால் தொடக்கக் கூட்டமே வேறு. அப்போது பொசிட்டிவ் என்பதன் பாரம் மிகவும் கூட. உங்கள் அம்மாவுக்கு ஒரு குறியும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: லொத்தர் சீட்டிழுப்பில் போன கிழமை விழுந்த இலக்கம் இந்தக் கிழமை விழாது என்று என் கடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், புறக்கோட்டை)

பதில்: இல்லை. பந்துக்கு ஞாபகம் கிடையாது. 1913 ஓகஸ்ட் 18ஆம் திகதி மொன்டி கார்லோ சூதாட்ட மண்டபத்தில் சுழல்வட்டில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. இனிச் சிவப்புத்தான் வரவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கூடக்கூடப் பணம் வைத்தவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். உங்கள் கடைக்கு வருகிறவர்கள் பழைய இலக்கங்களைக் கொப்பியில் எழுதிவைத்திருந்தால், அந்தக் கொப்பியையே வாங்கி, போன முறை விழுந்த இலக்கம் அடுத்த முறையும் விழுந்த இடங்களைக் காட்டுங்கள். இருக்கும்.

கேள்வி: ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று ஆண் என்று தெரியும். மற்றதும் ஆணாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? என் மகள் மூன்றில் ஒன்று என்கிறாள். எனக்குப் பாதி என்றுதான் படுகிறது. யார் சரி? (வாசகர், மட்டக்குளி)

பதில்: "தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்களே ஐயா, எப்படித் தெரியும்?

இரண்டு பிள்ளைகள் உள்ள 400 குடும்பங்களை எடுங்கள். ஏறக்குறைய 100இல் இரண்டும் ஆண், 200இல் ஒன்று ஆண் ஒன்று பெண், 100இல் இரண்டும் பெண். ஒரு மண்டபத்தில் இவர்களைக் கூட்டி, "குறைந்தது ஒரு மகனாவது உள்ளவர்கள் கை உயர்த்துங்கள்" என்றால் 300 கை உயரும். அவற்றில் 100 குடும்பத்தில் மற்றதும் ஆண். மகள் சொல்வது சரி, மூன்றில் ஒன்று.

இனி மண்டபத்தை விடுங்கள். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் பின்னேரம் நடக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகள் உள்ளவர் என்று உங்களுக்குத் தெரிந்த ஒருவர் தன் பிள்ளைகளில் ஒன்றோடு எதிரே வருகிறார், அது ஆண் பிள்ளை. இரண்டில் எந்தப் பிள்ளையையும் அவர் கூட்டிவந்திருக்கலாம் என்றால், அந்த 400 குடும்பத்தில் 200 பேர் மகனோடு வருவார்கள்: இரண்டும் ஆணான 100 பேரும், ஒன்று ஆணான 200 பேரில் பாதியும். அந்த 200இல் 100 பேருக்கு மற்றதும் ஆண். நீங்கள் சொல்வதும் சரி, பாதி.

இந்தப் புதிரை 1959இல் தன் கணிதப் பகுதியில் எழுதிப் பரப்பிய மார்டின் கார்ட்னரும், செய்தி எப்படிக் கிடைத்தது என்று சொல்லாவிட்டால் கேள்வி தெளிவில்லாதது என்று பிறகு ஒப்புக்கொண்டார். நீங்களும் மகளும் மறுபடி கதைக்கும்போது, விடையை விட்டுவிட்டு மண்டபமா தெருவா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வணக்கம் ரீச்சர். நான் உயர்தர இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் பரீட்சையில் மூன்று கதவுப் புதிருக்கு மூன்றில் இரண்டு என்று சரியாக எழுதுகிறார்கள். வகுப்பு முடிந்து வெளியே போகும்போது ஒருவன் மட்டும், "மிஸ், புள்ளிக்காக எழுதினேன், நான் நம்பேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவனை எப்படி நம்பவைப்பது? (ஆசிரியை, பம்பலப்பிட்டி)

பதில்: அவன் நல்ல மாணவன், மகள். மற்றவர்களில் எத்தனை பேர் நம்பினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. இவன் மட்டும்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறான். நம்பாமல் நிற்கிறவனிடம் நம் விளக்கத்தில் எங்கே ஓட்டை என்று கேட்கலாம். தலையாட்டுகிறவனிடம் கேட்க ஒன்றும் இல்லை.

பெரியவர்களும் இப்படி நின்றிருக்கிறார்கள். 1754இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் டலம்பேர், ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒருமுறையாவது தலை விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று கலைக்களஞ்சியத்திலேயே எழுதினார். முதல் முறையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஆகவே தலை, பூ-தலை, பூ-பூ என்று மூன்றே வழி என்பது அவர் எண்ணிய விதம். அந்த மூன்று வழிக்கும் ஒரே பாரம் இல்லை, முதலாவதற்கு இரட்டிப்புப் பாரம். எனவே சரியான விடை நான்கில் மூன்று. பார்த்தீர்களா, உங்கள் மாணவனின் சிக்கலும் இதுவேதான். இரண்டு கதவை எண்ணுகிறான், இரண்டுக்கும் ஒரே பாரம் கொடுக்கிறான். அவனுக்கு டலம்பேரின் கதையைச் சொல்லி, அதில் பிழை எங்கே என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடுத்தவர் எண்ணிய கணக்கில் பாரத்தைப் பார்த்தவனுக்குத் தன் கணக்கிலும் அது தெரியும்.

போல் ஏர்டிஷ் என்ற ஹங்கேரியக் கணித மேதை ஏறத்தாழ 1,500 ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். அவரும் மூன்று கதவு விடையை ஏற்கவில்லை. நண்பர் அன்ட்ரூ வாசோனி எவ்வளவு விளக்கியும் நடக்கவில்லை. கணினியில் ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடிக் காட்டியபோதுதான் ஒப்புக்கொண்டார். அப்போதும் அவருக்குத் திருப்தி இல்லை, ஏன் என்று தெரியவில்லையே என்பதுதான் அவருடைய மனக்குறை. உங்கள் மாணவன் கேட்பதும் அந்த "ஏன்"தான். அவனை எண்ணிக்கையால் மட்டும் மடக்கிவிடாதீர்கள். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில் புறாக்களை இந்த ஆட்டத்தில் பழக்கினார்கள். சில கிழமைகளில் புறாக்கள் ஏறக்குறைய எப்போதும் மாறப் பழகிவிட்டன, அதே ஆட்டத்தைப் பலமுறை ஆடிய மனிதர்கள் அந்த அளவுக்குப் பழகவில்லை. திரும்பத் திரும்ப ஆடினால் பழக்கம் வரும். விளக்கம் தனியே வரவேண்டும்.

அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். "உன் விடையான பாதிக்குப் பாதி சரியாக வரும்படி விளையாட்டின் விதியை மாற்றி எழுதிக்கொண்டு வா" என்று சொல்லுங்கள். அவனுடைய விடையை மறுக்காதீர்கள், அதற்குப் பொருத்தமான கதையை அவனே தேடட்டும். நடத்துநருக்குத் தெரியாது என்று எழுதுவான், அல்லது இரண்டு கதவு மிஞ்சியபிறகு காரை மறுபடி குலுக்கி வைக்கிறார்கள் என்று எழுதுவான், அல்லது நான் நினைக்காத ஒன்றை எழுதுவான். எழுதியபிறகு அதையும் பழைய விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல்லை மாற்றியதால் விடை மாறியது என்று கோடிடச் சொல்லுங்கள். அவசரப்படுத்தவேண்டாம், பரீட்சைதான் முடிந்துவிட்டதே. அவன் எழுதிக் கொண்டுவந்ததை எனக்கும் அனுப்புங்கள். அவன் சம்மதித்தால் அடுத்த இதழில் போடுகிறேன்.